தண்டும் குருத்தும் ஒரு தட்டைப்புழுவும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையை ஒட்டிய மண்டபம் ஒன்றில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவு நடைபெற்றது. தேக்காவில் காய்கறி வாங்கச் சென்ற நான் கையில் முருங்கைக்காய்க் கட்டுடன் உள்ளே நுழைந்தேன். வரிசையில் என் பழைய மாணவி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் வருடிக் கொடுத்தால் பதிவு முடிந்தது. ஐந்து நிமிட வேலை. அவளுடைய முறை வருவதற்குச் சற்று முன்னர் அவளுடைய தந்தை வேகமாக வந்து கையைப் பற்றி இழுத்தார்.

"வேணாம் சார். நீங்களும் சொல்லாதீங்க. தண்டு செல் எடுக்கிறாங்களாம். முதுகுத்தண்டுல ஊசிய ஏத்தினா நாளைக்குப் பிள்ளை எந்திரிச்சு நடக்குமா?"

அவர் கையில் ஒரு துண்டறிக்கை இருந்தது. யாரோ நல்லெண்ணத்துடன் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது. அதில் மூன்று இடங்களில் 'தண்டணு' என்று அச்சிட்டிருந்தார்கள். தண்டுவடம் என்றால் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணன் கட்டுமானத் தளத்தில் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். எனவே தண்டணு என்பது தண்டுவடத்திலிருந்து எடுப்பது என்று அவர் முடிவு செய்ததில் தமிழ்ப் பிழை ஏதுமில்லை. கேட்டால், நான் கற்பித்த முறைப்படி சொல்லைப் பகுத்துத்தான் பொருள் கொண்டிருக்கிறார்.

கால்மணி நேரம் விளக்கினேன். கொடையாளரிடமிருந்து எடுப்பது பெரும்பாலும் இரத்தத்திலிருந்து. சில நாள் ஊசி மருந்து கொடுத்து அந்த அணுக்களை இரத்தத்தில் பெருகச் செய்து, இரத்ததானம் போலவே கையிலிருந்து எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். சில வேளைகளில், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பதும் உண்டு. தண்டுவடத்தின் பக்கமே எவரும் செல்வதில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுத் தலையசைத்தார். மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை.

இது ஒரு தந்தையின் அச்சம் மட்டும்தானா? மஜ்ஜை பொருந்துவதற்கான திசு அடையாளங்கள் பெற்றோரிடமிருந்து வருபவை. உடன்பிறந்தாரிடம் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது இல்லையென்றால் வெளியார் ஒருவரைத் தேட வேண்டும். தம் இனத்தவரிடையே கிடைக்கும் வாய்ப்புத்தான் மிகுதி. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. இங்கே 1993இலிருந்து எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டம் இயங்கி வருகிறது. சென்னையில் 2009இல் 'தாத்ரி' பதிவகம் தொடங்கப்பட்டது. எனினும் சிறிய சமூகத்தில் ஒரு பெயர் விலகினாலும் அது பெரிய இழப்பு. ஒரு பிழையான சொல் அந்த வரிசையிலிருந்து ஒருத்தியை என் கண்ணெதிரே விலக்கிவிட்டது.

மறுநாள் பள்ளியில் இதைச் சொல்லி, உயர்நிலை மூன்று வகுப்பில் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்கப்போகிறேன் என்றேன். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், என்னினும் மூத்தவர், நான் பெரிதும் மதிப்பவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "அது உயிரியல் ஆசிரியர் வேலை ஐயா. ஆங்கிலத்தில் நடத்திக்கொள்வார்கள். நமக்கு வாய்மொழித் தேர்வு இருக்கிறது, கட்டுரை இருக்கிறது. பிள்ளைகளுக்கு லகர ளகரமே தடுமாற்றம். தமிழ் வகுப்பில் எதற்குப் புழு?"

இந்தக் கட்டுரை அவருக்கான விடை.

அவர் கூறுவது ஒருவகையில் உண்மை. தொடக்கக் கல்லூரி உயிரியல் பாடத்திட்டத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நன்றாகவே கற்பிக்கிறார்கள். அந்த மாணவிக்கு அது தெரியாமலா வரிசையில் நின்றாள்? அவளுக்குத் தெரிந்ததைத் தந்தையிடம் சொல்ல அவளிடம் தமிழ் இல்லை. அதுதான் அன்று நடந்தது. அறிவு ஆங்கிலத்தில் இருக்கிறது, அச்சம் தமிழில் இருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டில் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றன, பேசிக்கொள்வதில்லை. இடையில் நிற்கக் கடமைப்பட்ட நாம் பிள்ளைகளுக்குப் பொங்கல் பானையையும் பழமொழிகளையும் மட்டும் கற்பித்துவிட்டு, "தமிழ் வாழ்க" என்று ஏப்ரல் மாதத்தில் மேடையேறுகிறோம். பொங்கலும் பழமொழியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய் வந்தால் பேச இயலாத மொழியை எந்தப் பிள்ளை வீட்டு மொழியாகக் கருதும் என்பதே என் வினா.

இந்நாட்டில் இது புதுமையும் அன்று. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்படும்வரை அறிவியலும் கணக்கும் தமிழில் படித்த பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று தாத்தாக்களாக நம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கை என்றால் அவர்களுக்கு அகராதி தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

ஸ்டெம் செல் என்பதற்குத் தமிழில் தண்டணு, தண்டுயிரணு, மூல உயிரணு, குருத்தணு என்று பல பெயர்கள் உலவுகின்றன. (செல் என்பதற்கே தமிழகப் பாடநூலில் செல், தூய தமிழ் எழுதுவோரிடம் உயிரணு, ஈழத்தில் கலம் என்று மூன்று வழக்கு. அந்தச் சண்டைக்குள் இன்று புகவில்லை.) தண்டணு என்றவர்கள் ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி முதல் பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலமே அதை ஜெர்மன் மொழியிலிருந்து பெற்றது. 1868இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் எழுதிய 'ஸ்டாம்ட்செல்லே' என்னும் சொல்லில் உள்ள 'ஸ்டாம்' அடிமரத்தையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும். உயிர்களின் குலமரத்துக்கு அடியில் நிற்கும் முதல் அணு என்பது அவர் கருத்து. நம் வாழையடி வாழை என்னும் வழக்கில் இருக்கும் பொருள் அது. தண்டு அந்தப் பொருளைத் தாங்கவில்லை. தண்டு முற்றிய உறுப்பு. தாங்குவதும் கடத்துவதும் அதன் வேலை. 'தண்டணு' என்று கரும்பலகையில் எழுதியதுமே என் வகுப்பில் ஒருவன், "தண்டச்சோறு தின்னும் அணுவா ஐயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் கோபித்துக்கொள்ளவில்லை, சொல் அப்படித்தான் ஒலிக்கிறது.

குருத்து அப்படியன்று. குலை தள்ளாத வாழையை இடுப்பளவில் வெட்டிவிட்டுப் போனால், மறுநாள் வெட்டுவாயின் நடுவிலிருந்து வெளிறிய குருத்து எழும்பி நிற்பதை ஊரில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். கத்தி மேலே விழுந்தது. வளரும் நுனி கீழே கிழங்கில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் இலையாக விரியாதது, விரியக்கூடியது எதுவோ அது குருத்து. பொங்கோலில் பன்னிரண்டாவது மாடியில் வளரும் பிள்ளைக்கு வாழை என்றால் ரேஸ் கோர்ஸ் சாலை உணவகத்தில் சோறு பரிமாறும் இலை மட்டுந்தான் என்பது உண்மை. எனவே அவர்களைப் புளோக்கின் கீழ் உள்ள சமூகத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். தோட்டத்தைப் பராமரிக்கும் சீன மூதாட்டி ஒருவர், தாம் எப்படியும் களைய இருந்த பக்கக்கன்று ஒன்றை வெட்டிக்கொள்ள இசைந்தார். மறுநாள் மாலை பிள்ளைகள் தாமாகவே போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வாழையால் சொல் விளங்கும். உடல் விளங்காது. அதற்குத்தான் புழு.

பிளனேரியா என்னும் நன்னீர்த் தட்டைப்புழு விரல் நகத்தின் நீளம்கூட இராது. தலையில் இரண்டு கண்புள்ளிகள், மாறுகண் போன்ற ஒரு பார்வை. செராங்கூன் நார்த்தில் அலங்கார மீன் விற்கும் கடை ஒன்றில் கேட்டபோது கடைக்காரர் என்னை ஐயத்துடன் பார்த்தார். இறால் வளர்ப்போருக்கு அது எதிரி, குஞ்சுகளைத் தின்றுவிடும். அதைக் கொல்ல ஒரு பொடி விற்கிறார்கள். அதன் சரக்கு என்னவென்று பார்த்தால் நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கின் சாறு! பாக்கில் உள்ள அரிக்கோலின் என்னும் பொருள் தட்டைப்புழு இனத்துக்கு ஆகாது. முற்காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கும் அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஒழிக்க விரும்பியதை நான் காசு கொடுத்து வாங்க முன்வந்ததால் ஒரு புட்டி நிறைய இலவசமாகவே கொடுத்தார். ஓர் எச்சரிக்கை: மழை பெய்த மறுநாள் நம் தோட்டங்களில் ஊரும் சுத்தியல் தலை நிலப்புழுவும் தட்டைப்புழுதான்; ஆனால் அவ்வினத்தில் சிலவற்றில் நஞ்சு இருப்பது 2014இல் கண்டறியப்பட்டது. அதைப் பிள்ளைகள் கையால் தொட வேண்டாம்.

ஒரே ஒரு புழுவை, ஒரே ஒரு முறை வெட்டினேன். "வலிக்காதா ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வலியை நம்மைப் போல் உணருமா என்று என்னால் உறுதி கூற இயலாது என்றேன். ஆனால் இந்தப் புழு இனப்பெருக்கத்துக்காகத் தானே வாலைத் தரையில் ஒட்டிக்கொண்டு முன்னே இழுத்து இரண்டாகக் கிழிந்துகொள்ளும் என்பதையும் சொன்னேன். அவளுக்கு முழு நிறைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுவும் நல்லதே, அவள் தன் மறுப்பைத் தமிழில் அரைப்பக்கம் எழுதித் தந்தாள், இவ்வாண்டு நான் திருத்தியவற்றில் சிறந்த அரைப்பக்கம் அது.

சில நாளில் இரு துண்டுகளின் வெட்டுவாயிலும் நிறமற்ற வெண்மையான ஒரு மொட்டு தோன்றியது. பழைய உடல் பழுப்பு, புதிய பகுதி வெண்மை. பிள்ளைகளில் ஒருவன் உருப்பெருக்கிக் கண்ணாடியிலிருந்து தலையை எடுக்காமலே "குருத்து!" என்றான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தலையில்லாத வால் துண்டில் இரண்டு கரும்புள்ளிகள். மூளையே இல்லாதிருந்த துண்டு மூளையையும் கட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் அறிவியல் என் சொல்லுக்குச் சான்று சொல்ல வருகிறது. இப்புழுவின் உடலில் ஏறத்தாழ கால்பங்கு, எதுவாகவும் இன்னும் ஆகாத அணுக்கள். அவற்றை நியோபிளாஸ்ட் என்பார்கள். கிரேக்கத்தில் நியோ என்றால் புது, பிளாஸ்டோஸ் என்றால் முளை, தளிர். வெட்டுவாயில் எழும் மொட்டுக்குப் பெயர் பிளாஸ்டிமா. அதுவும் அதே வேர். கிரேக்கமும் தமிழும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே உவமையைப் பற்றியிருக்கின்றன. தண்டைப் பற்றிக்கொண்டு ஏன் தொங்குகிறோம்?

1898இல் தாமஸ் ஹண்ட் மார்கன், முழுப் புழுவில் 279இல் ஒரு பங்கே உள்ள துண்டிலிருந்தும் புழு மீண்டு எழுவதைக் குறித்து வைத்தார். பின்னாளில் பழ ஈக்களுக்காக நோபல் பரிசு பெற்ற அதே மார்கன். அதைவிட என் பிள்ளைகளை அசைத்தது 2011ஆம் ஆண்டுச் சோதனை. அமெரிக்காவில் பீட்டர் ரெட்டியனின் ஆய்வுக்குழு ஒரு புழுவைக் கதிர்வீச்சில் வைத்து அதன் நியோபிளாஸ்ட்கள் அனைத்தையும் அழித்தது. அப்படிப்பட்ட புழு மீளாது. சில வாரத்தில் மடியும். அதற்குள் வேறொரு புழுவின் ஒரே ஓர் அணுவைச் செலுத்தினார்கள். ஒன்றே ஒன்று. அது பெருகி உடல் முழுவதையும் புதுப்பிக்க, சாக இருந்த புழு பிழைத்தது. நம் பெங்களூருவிலும் இன்ஸ்டெம் நிறுவனத்தில் தசரதி பலகோடெட்டியின் குழு இப்புழுக்களை ஆராய்ந்து வருகிறது.

இப்போது புற்றுநோய் மருத்துவமனைக்கு வாருங்கள். நோயாளியின் கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தாலும் கதிரியக்கத்தாலும் அழிக்கிறார்கள். அப்படியே விட்டால் அவர் பிழைக்க மாட்டார். கொடையாளரின் குருத்தணுக்களை ஊசிவழி இரத்தத்தில் செலுத்துகிறார்கள். அவை தாமே மஜ்ஜைக்கு வழி கண்டு சென்று குடியேறி, புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. 1961இல் டொராண்டோவில் டில், மெக்குல்லோக் இருவரும் எலிகளில் காட்டியது இதன் அடிப்படையை. மனிதரில் செய்து காட்டிய டொனால் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு. புழுவின் கதையும் நோயாளியின் கதையும் ஒரே கதை. இதை நான் விளக்கத் தேவைப்படவில்லை. "அப்போ ஐயா, அந்த அக்கா கொடுக்கப் போனது இந்த ஓர் அணுவா?" என்று கேட்டார்கள்.

இந்த ஊரைப் பற்றியும் ஒரு சொல். மனிதக் கருவின் குருத்தணுக்களை முதன்முதலில் பிரித்தெடுத்ததாக 1994இல் அறிவித்தது நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் குழு. தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த ஆரிஃப் போங்சோ. தேக்காவிலிருந்து இரயிலில் அரைமணி தொலைவில் நடந்த செயல். அதைச் சொல்ல நம் பாடநூலில் ஒரு பத்தி கிடைக்காதா?

நிற்க. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை நானே எடுத்துரைக்கிறேன், ஏனெனில் அது என்னைச் சில நாள் உறங்கவிடவில்லை. குருத்தணு என்றால் குருத்தெலும்பு நினைவுக்கு வராதா? வரும். வந்துவிட்டது. வகுப்பில் ஒரு மாணவனின் பாட்டி மூட்டுவலிக்காக மாதந்தோறும் ஒரு குப்பி மாத்திரை வாங்குகிறார். விற்பவர் வீட்டுக்கே வந்து, "குருத்தணு மாத்திரை, உள்ளே போனால் குருத்தெலும்பு வளரும்" என்று செந்தமிழில் விளக்கிவிட்டுப் போயிருக்கிறார்! நான் தூக்கிப்பிடிக்கும் சொல்லே அவர் கைக்கருவி. ஆப்பிளின் குருத்தணு என்று உறையில் இருந்ததாம். ஆப்பிளின் அணு வயிற்றில் செரிக்கும், முழங்காலில் குடியேறாது.

எனவே சொல்லை மாற்றினால் போதும் என்று நான் வாதிடவில்லை. சொல்லோடு புழுவும் வேண்டும் என்கிறேன். புழு இரண்டையும் காட்டும்: குருத்தணுவால் என்ன இயலும் என்பதையும், நம்மிடம் என்ன இல்லை என்பதையும். புழுவின் ஓர் அணு கண்ணாகும், குடலாகும், மூளையாகும். நம் மஜ்ஜையின் குருத்தணு இரத்தமாகும், அவ்வளவே. அந்த எல்லைக்குள் அது உயிரைக் காக்கிறது. எல்லையை மறைப்பவர்தான் மாத்திரை விற்கிறார். தொப்புள்கொடி இரத்தத்தை ஆயிரக்கணக்கில் செலவிட்டுச் சேமிக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. 2023 நவம்பரில் தனியார் சேமிப்பகம் ஒன்றில் சுமார் 2,200 அலகுகள் வெப்பநிலைக் கோளாறால் பழுதாயின என்று சுகாதார அமைச்சு அறிவித்தபோது, என்ன இழந்தோம் என்றே பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் கேட்ட ஒரு தாய்க்கு அது தன் குழந்தையின் "தண்டு" என்ற அளவில்தான் தெரிந்திருந்தது.

வேறு சிலர், ஸ்டெம் செல் என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்பார்கள். எழுதுங்கள். மருத்துவர் அப்படித்தான் சொல்லப்போகிறார், காதுக்குப் பழகட்டும். ஆனால் அது பெயர், விளக்கம் அன்று. அந்தத் தந்தைக்கு அன்று தேவைப்பட்டது விளக்கம்.

மூத்த ஆசிரியர் ஐயாவுக்கு இறுதியாக ஒன்று. லகர ளகரம் பற்றிக் கவலைப்பட்டீர்கள். புழு பற்றிய கட்டுரைகளைத் திருத்தினேன். 'வால்' 'வாள்' இரண்டையும் ஒருவரும் குழப்பவில்லை. இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டார்கள், வாளுக்குச் சவரக்கத்திதான் என்றாலும். வாய்மொழிப் பயிற்சியில் பாட்டியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்வது எப்படி என்று நடித்துக் காட்டினார்கள். பாட்டியாக நடித்த பெண் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

முழுத் தலை வளர்ந்த வால் துண்டு இப்போது என் மேசை மேல் ஒரு தயிர்க் குவளையில் நீந்திக்கொண்டிருக்கிறது. வரும் சனிக்கிழமை பெற்றோரை அழைத்திருக்கிறேன். அந்தத் தந்தைக்கும் தொலைபேசியில் சொன்னேன். "புழு பார்க்கவா சார்?" என்று நெடுநேரம் சிரித்தார், வருகிறேன் என்றார். மகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். வெற்றிலை போடும் பழக்கமுள்ளவர் ஆதலால், பாக்குப் பொட்டலத்தை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.